நெல்லைல இருந்து சென்னை போறவங்களுக்கு: லோக்கல் ட்ரெயின், மெட்ரோ, பஸ்

நெல்லை எக்ஸ்பிரஸ்ல போற எல்லாரும் எழும்பூர் வரைக்கும் போவணும்னு இல்ல, ஏர்போர்ட், குரோம்பேட்டை, கிண்டி பக்கம் சோலி இருந்தா தாம்பரத்துலயே இறங்கிருங்க. அங்கனயே பீச் போற லோக்கல் ட்ரெயின் கிடைக்கும், ஏர்போர்ட்டுக்கு திரிசூலம் ஸ்டேஷன், ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஏறும்போது மட்டும் பெட்டில பர்ஸ்ட் கிளாஸ்னு எழுதிருக்கான்னு பாருங்க, கூட்டம் இல்லியேன்னு சாதா டிக்கெட்ட வச்சிக்கிட்டு மூட்டையோட அதுல போய் உக்காந்தா பைன் போட்டுருவாங்க, ஊர்ல இருந்து வார நம்ம ஆளுங்கதான் பாவம் நெறைய மாட்டுதாங்க.

கோயம்பேடு போணும்னா பரங்கிமலைல இறங்கி பச்சை லைன் மெட்ரோ பிடிங்க, எழும்பூர்ல இறங்குனவங்களுக்கும் அதே லைன்தான். வெளிய வாரவரைக்கும் டிக்கெட்ட தொலைச்சிராதீங்க, கேட் தொறக்க அது வேணும்.

பஸ்ல வந்தா கிளாம்பாக்கம், 2023 கடைசில தொறந்த ஸ்டாண்டு, சிட்டி பஸ்ஸும் அங்கயே கிடைக்கும். நம்பர் பக்கத்துல கட்னு போட்டிருந்தா அந்த பஸ் கடைசி ஸ்டாப் வரை போவாது, கண்டக்டர் அண்ணாச்சிட்ட கேட்டுட்டு ஏறுங்க. அக்கா, அத்தைமாருக்கு சாதா கட்டண பஸ்ல துட்டு கிடையாது, டீலக்ஸ், ஏசில உண்டு.