சிஎன்சி வேலைக்கென ஒரு சிபியூ கோரை ஒதுக்குவது எப்படி?

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுக்கு டை, அதாவது அச்சு, வெட்டும் பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கோர் (சிபியூவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பழைய கம்ப்யூட்டர். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், சிஎன்சி மெஷினை (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷின்) ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி என்ற புரோகிராம். பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சொருகும் இடம்) வழியாக, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பல்ஸ், அதாவது மின்துடிப்பு, போகிறது. நடுவில் யாராவது பிரவுசரைத் திறந்து பில் போட்டால் பல்ஸ் தாமதமாகலாம். மோட்டார் ஒரு ஸ்டெப்பைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் நகர்ந்துவிடும், டை வீண். இதைத் தவிர்க்கத்தான் ஒரு கோரை ஒதுக்குகிறோம்.

முதலில் அளந்து பாருங்கள். லினக்ஸ்சிஎன்சியோடு வரும், தாமதத்தை அளந்து காட்டும் லேட்டன்சி ஹிஸ்டோகிராமை ஓடவிட்டு, வீடியோ, பெரிய ஃபைல் காப்பி என்று மெஷினுக்கு வேலை கொடுங்கள். வருவதிலேயே மோசமான எண்ணை, அதாவது மிக அதிகமான தாமதத்தை, குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்எஸ்சிபியூ கட்டளையை மைனஸ் ஈ சேர்த்துக் கொடுங்கள். எண்கள் 0 முதல் 3 வரை வரும். அதற்கு மேலும் போய், கோர் பத்தியில் ஒரே எண் இருமுறை வந்தால் ஹைப்பர்திரெடிங் இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே கோரைப் பங்குபோடுபவை. ஒன்றை மட்டும் ஒதுக்கினால் மற்றது தொல்லை தரும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஹைப்பர்திரெடிங்கை அணைத்துவிடுவதே நல்லது என்பேன். 0-ஐத் தொடாதீர்கள், கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பொதுவேலைகள் அங்கே நடக்கட்டும். லினக்ஸ்சிஎன்சி தன் ரியல்டைம் வேலையை, அதாவது நேரம் தவறாமல் பல்ஸ் அனுப்பும் வேலையை, கடைசி சிபியூவில்தான் வைக்கும். அதனால் 3-ஐ ஒதுக்குவோம்.

இடிசி, அதற்குள் டீஃபால்ட், அதற்குள் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) என்ற ஃபைலை சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டுத் திறங்கள். கிரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டீஃபால்ட் வரியில், மேற்கோள் குறிக்குள் கடைசியாக ஐசோல்சிபியூஸ்=3, ஐஆர்கியூஅஃபினிட்டி=0-2 இரண்டையும் ஆங்கில எழுத்தில், நடுவில் காற்புள்ளி இல்லாமல் வெறும் இடைவெளி விட்டுச் சேருங்கள். இரண்டாவது எதற்கு? ஐசோல்சிபியூஸ் சாதாரண புரோகிராம்களை விலக்கும். டிஸ்க், நெட்வொர்க் கார்டு எழுப்பும் இன்டரப்ட்டுகளை (சிபியூவை இடையில் நிறுத்திக் கூப்பிடும் சிக்னல்) விலக்காது. அவற்றை 0 முதல் 2 வரை அனுப்பவே இரண்டாவது. சேமித்து, சூடோ சேர்த்து அப்டேட்-கிரப் கொடுத்து, ரீபூட் செய்யுங்கள்.

சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று உள்ளே போய் ஐசோலேட்டட் ஃபைலைப் படித்தால் 3 என்று வர வேண்டும். வந்ததா? சரி, அதே வேலைகளைக் கொடுத்து ஹிஸ்டோகிராமை மறுபடி ஓட்டுங்கள்.

வேறு புரோகிராமை அந்தக் கோரில் ஓட்ட டாஸ்க்செட் மைனஸ் சி 3 என்று முன்னால் போட வேண்டும். சாதாரண புரோகிராம் எதுவும் தானாக அங்கே போகாது. புதியவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொன்றில். 2, 3 இரண்டையும் ஒதுக்கி, பல திரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் கிளைவேலை) உள்ள புரோகிராமை அங்கே அனுப்பினால், எல்லாத் திரெட்டும் ஒரே கோரில் குவியும், மற்றது சும்மா கிடக்கும். ஒதுக்கிய கோர்களுக்கிடையே ஷெட்யூலர் (எந்த வேலை எந்தக் கோரில் என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி) சுமையைப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு திரெட்டையும் நீங்களே ஒரு கோரில் கட்ட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மோசமான எண் இறங்கவில்லையென்றால், பயாஸில் சி-ஸ்டேட் (சும்மா இருக்கும் கோரைத் தூங்கவைப்பது) போன்ற மின்சேமிப்பு வசதிகளை அணைத்துப் பாருங்கள். அந்தத் தாமதம் ஹார்டுவேரிலிருந்து வருவது. கோரை ஒதுக்கித் தீராது.