டிடெக்டரின் ஜிபிஎஸ் புள்ளிகள் இடம் மாறிய கதை

மெட்டல் டிடெக்டரின் உள்ளேயே இருக்கும் ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்த இடங்களைப் போன் வரைபடத்தில் ஏற்றினால், எல்லாமே தள்ளித் தள்ளி விழுந்தன. பல நாள் இதிலேயே போனது.

முதலில் சாட்டிலைட் சிக்னல் மேல் சந்தேகம். திறந்த வெளியில் நெடுநேரம் காத்திருந்து குறித்தேன், மாற்றமில்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டும் வீண். அடுத்து டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் பூமி மாதிரி. அது தவறாக இருந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே திசையில் நகரும். இங்கே ஒன்று 60 மீட்டர் தள்ளி, இன்னொன்று 400 மீட்டருக்கும் மேல். சிலவற்றை ஆப் ஏற்கவே இல்லை.

ஏற்காதவற்றைத் தனியே எடுத்துப் பார்த்ததும் பிடிபட்டது: எல்லாவற்றிலும் நிமிட எண்ணின் தசமப் புள்ளிக்குப் பின் 60க்கு மேற்பட்ட எண். டிடெக்டர் தருவது தசம நிமிடம், அதாவது டிகிரிக்கு அடுத்த நிமிடத்தின் மிச்சத்தை விநாடியாக இல்லாமல் தசமமாகத் தருகிறது. 24.35 என்றால் 24 நிமிடம் 21 விநாடி. ஆப் அதை 35 விநாடி என்று படித்திருக்கிறது. அட்சரேகையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர், அந்த 14 விநாடிக்கே 430 மீட்டர் போய்விடும். 72 விநாடி என்று ஒன்று கிடையாதே, அதனால்தான் மறுத்திருக்கிறது!

ஆப் செட்டிங்கில் 'டிகிரி, தசம நிமிடம்' என்று மாற்றினேன். சரி, எல்லாம் இடத்துக்கு வந்தன. ஆனாலும் சில மீட்டர் பிசகு இருக்கும்; தோண்டிய குழிக்கே திரும்ப ஜிபிஎஸ் போதாது, தேடி முடித்த பகுதியைக் குறித்துவைக்கத் தாராளமாகப் போதும்.