நின்றுபோன பழைய பென்ஸை வீட்டிலேயே எழுப்புவது எப்படி

தார்ப்பாய்க்கு அடியில் ஏழெட்டு வருடம் நின்ற வண்டியை வாங்கியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வற்றி மெல்லிய துரு படிந்திருக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். எலி கடித்த வயர் எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அந்த முதல் பத்து நிமிடத்தில் கெடுவதைச் சரிசெய்யவே பாதிப் பணம் போய்விடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி மெர்சிடிஸ் டபிள்யூ124. 1995 முதல் புனேயில் அசெம்பிள் ஆன இ220 பெட்ரோல், இ250 டீசல் இரண்டும் இந்த வகைதான். பெங்களூரில் நல்ல உடம்போடு இன்னும் கிடைக்கும் பழைய சொகுசுக் கார் இது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே பெரும்பாலான வேலையைச் செய்துவிடலாம். வேறு மாடல் வைத்திருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

வாங்கும் முன்

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்தியது: 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், அதுவே இறக்குமதி வண்டி என்றால் 80,000. புனே வண்டியா, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்பது இதனாலேயே முக்கியம். டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல், பெட்ரோல் வண்டிகளுக்கு இருக்கும் வயதுக் கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரும். பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். கர்நாடகாவில் கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது துரு. பெங்களூரிலேயே இருந்த வண்டிக்கும் சென்னைக் கடற்கரைப் பக்கம் இருந்த வண்டிக்கும் இதில் நிறைய வித்தியாசம் உண்டு. கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால்தான் ஜாக்கி மாட்டும் இடம் இருக்கிறது. அழுகல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பேட்டரித் தட்டுக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், முன் கார்ப்பெட்டுக்கு அடி ஆகியவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். எஞ்சின் கெட்டுப்போன வண்டியை வாங்கலாம், அடித்தகடு அழுகியதை வாங்க வேண்டாம். டிங்கரிங் செலவுக்கு முடிவே இருக்காது.

இடமும் கருவியும்

சமதளமான சிமென்ட் தரை வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் என்றால் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 3 டன் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டு நான்கு, ஒரு டிராலி ஜாக்கி, போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், மெட்ரிக் சாக்கெட் செட் போதும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஒரு தடவை கூட வேண்டாம். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

டபிள்யூ124-இன் பானெட் பாதியில் நிற்கும். கீலில் உள்ள பூட்டை அழுத்தினால் செங்குத்தாக 90 டிகிரிக்கு எழும்பும். இது தெரியாமல் முதுகை வளைத்து வேலை செய்பவர்கள் நிறையப் பேர்.

எஞ்சினைக் கையால் சுற்றுவது

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இடையில் முட்டினால் பலம் போடாதீர்கள். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். டீசலில் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கைக் கழற்றப் போய் அது உள்ளேயே முறிந்தால் பெரிய வேலையாகிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு நீளமான கைப்பிடியில் நிதானமாகச் சுற்றுங்கள்.

பழைய ஆயிலை இறக்கி ஃபில்டர் மாற்றுங்கள். பெட்ரோலுக்கு 6 லிட்டர், டீசலுக்கு 7 லிட்டர் வாங்கி, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். இந்த முதல் ஆயில் சீக்கிரமே வெளியே போகப் போகிறது, விலை உயர்ந்தது வேண்டாம்.

வயரிங் செட்: இதைத் தவிர்க்கவே கூடாது

1990-களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் எஞ்சின்களின் வயரிங் செட்டில் ஒரு பிறவிக் குறை உண்டு. வயர் மேல் இருக்கும் உறை எஞ்சின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். இன்ஜெக்டர் கனெக்டருக்குப் பக்கத்தில் கறுப்பு ஸ்லீவை இரண்டு சென்டிமீட்டர் பிளந்து, உள்ளே இருக்கும் ஒரு வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை வழுவழுப்பாக வளைந்தால் அந்த செட்டை ஏற்கெனவே யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழைய பிஸ்கட் போல நொறுங்கி, செம்பு பளிச்சென்று வெளியே தெரிந்தால் அந்த செட் அவ்வளவுதான். டேப் சுற்றி ஒப்பேற்ற முடியாது, ஏனென்றால் நீங்கள் பார்க்காத இடத்திலும் அது அப்படித்தான் இருக்கும். இரண்டு வயர் தொட்டுக்கொண்டால் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. போய்விடும், அதன் விலை வயரிங் செட்டை விட அதிகம்.

புது செட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய கனெக்டர்களை வைத்துப் புதிதாகக் கட்டலாம். ஆட்டோமோட்டிவ் தர வயர் மட்டும், பழையதன் அதே கனத்தில், முடிந்தவரை அதே நிறத்தில். வெட்டும் முன் ஒவ்வொரு பின்னும் எங்கே போகிறது என்று தாளில் வரைந்து போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்களை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது வயரோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கவையுங்கள். வெறும் சால்டர் வைத்தால் எஞ்சின் அதிர்வில் அந்த இடத்திலேயே முறியும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வயர், ஹீட் ஷ்ரிங்க், கிரிம்பிங் டூல் எல்லாம் கிடைக்கும்.

ஃபியூஸ் பெட்டியும் இதோடு சேர்ந்த வேலை. இதில் இருப்பவை இரு முனையும் கூம்பிய பழைய வகை ஃபியூஸ்கள்: வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. அலுமினிய முனை ஆக்ஸிஜன் பட்டு வெண்பொடி பூத்திருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் கரன்ட் போகாது. மொத்த செட்டையும் செம்பு முனை ஃபியூஸாக மாற்றி, பிடிப்புகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சன்னல் ஏறவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்ற புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

எரிபொருள்

டேங்க் கிட்டத்தட்ட 70 லிட்டர். பழையதை முழுக்க இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். டேங்கின் அடியிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் எரிபொருள் ஹோஸாக மாற்றுவது கட்டாயம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி மிருதுவாகிக் கசியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டீசலில் வேறு தொல்லை. எஞ்சின் மேல் ஓடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்களின் முனையில் சின்ன ஓ-ரிங்குகள் உண்டு. அவை இறுகிப்போனால் டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே போகும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் வண்டி எழும். குழாயில் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஓ-ரிங் மாற்றினால் தீர்ந்தது. பம்ப் ரிப்பேர் என்று யாராவது சொன்னால், முதலில் இதைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் வண்டியில் ஃபியூயல் பம்ப் ரிலேயைக் கழற்றி, பிளக் மாட்டாமலே பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். மீட்டரில் ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகே பிளக்கும் ரிலேயும் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும்போது முள் 3 பாரைத் தொட்டு நிற்பது சரி. நன்றாகச் சூடான பின் ஐடிலிங்கில் 0.3 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது.

கூலிங்

சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நிற்கும் ஊரில் ஓட்டப்போகிறீர்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் கழுத்து வயதானால் மொறுமொறுப்பாகி, ஓடும்போதே ஒடியும். கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இது ஒடிந்து தண்ணீர் இல்லாமல் ஓடினால் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

பழைய தண்ணீர் துருநிறமாக வந்தால், லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து நிரப்பி, 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி 10 நிமிடம் ஓட்டி, வண்டி ஆறிய பின் இறக்குங்கள். நல்ல தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும். கடைசியாக கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குளியலறைக் குழாயில் படியும் அதே உப்பு ரேடியேட்டரிலும் படியும். நிரப்பும்போது ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, காற்று வெளியேறும்வரை மூடியைத் திறந்து விடுங்கள். ஓட்டத்தில் முள் 80-க்கும் 100-க்கும் நடுவே நிற்க வேண்டும். டிராஃபிக்கில் மட்டும் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் எஞ்சினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேனையோ முன் எலெக்ட்ரிக் ஃபேனையோ சந்தேகியுங்கள்.

பிரேக்கும் அடிப்பாகமும்

பிரேக் ஆயில் டாட் 4, ஒரு லிட்டர். ரப்பர் ஹோஸ் நான்கும் புதிது. பழைய ஹோஸ் உள்ளே வீங்கிப்போனால் பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக் காலிப்பரைக் குறை சொல்வார். நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங்குக்கு பிளீடிங் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது) வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பிளீடிங் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம், பாதிவரை போதும். மாஸ்டர் சிலிண்டரில் பல வருடம் பிஸ்டன் போகாத பகுதியில் துரு இருக்கும், அங்கே சீல் போய் வந்தால் கிழிந்துவிடும்.

முன் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம். இந்த வண்டியின் ஸ்பிரிங்குக்கு உள்ளே தட்டு வைத்து அழுத்தும் கம்ப்ரஸர்தான் பாதுகாப்பு. கடைகளில் கிடைக்கும் கொக்கி வகை வழுக்கினால் கை போய்விடும். பால் ஜாயின்ட், பின் லிங்க், எஞ்சின் மவுன்ட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க் போன்றவற்றை நீங்களே பார்க்கலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சில மாதத்தில் கிழியும். வீல் போல்ட் 110 நியூட்டன் மீட்டர். டயர் 195/65 ஆர்15. பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயதான டயரை நம்பாதீர்கள்.

பாகங்கள் வாங்கும்போது

ஜே.சி. ரோட்டில் போய் "124-க்கு புஷ் வேணும்" என்று கேட்காதீர்கள். சேசிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பர் எடுத்துக்கொண்டு போங்கள். ஏ-க்கு அடுத்து 124 வந்தால் பாடி, சஸ்பென்ஷன் பாகம். 111 வந்தால் இ220 எஞ்சின் பாகம். லெம்ஃபோர்டர், கோர்ட்டெகோ, போஷ், பெஹ்ர் என்று அசலாகப் போட்ட கம்பெனிகளின் பொருளே பென்ஸ் பெட்டி இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கண்ணாடி, டிரிம், கைப்பிடி, சுவிட்ச் ஆகியவற்றுக்கு சிவாஜிநகர் பழைய பாகக் கடைகள் நல்லது. பிரேக், ஸ்டியரிங் பாகத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

உள்ளும் வெளியும்

கார்ப்பெட் ஈரமாக இருந்தால் காயவைப்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். விண்ட்ஷீல்டுக்குக் கீழே இலை அடைத்த வடிகால், சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைக் குழாய் இரண்டும் முக்கியக் காரணம். ஒற்றை வைப்பரின் பல்சக்கரப் பெட்டியில் புது கிரீஸ் வையுங்கள். அது காய்ந்து இறுகினால் மழைக்காலத்தில் நடுக்கண்ணாடியில் நின்றுவிடும்.

பெயின்ட்டுக்குக் கடைசியில் வாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள், வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள். வீல் போல்ட்டை 50 கிலோமீட்டரில் ஒருமுறை திரும்ப டார்க் வைத்துப் பாருங்கள். 500 முடிந்ததும் ஆயிலைச் சூடாக இறக்கி, ஃபில்டரின் காகித மடிப்பை வெட்டி வெள்ளைத் தாளில் விரியுங்கள். கறுப்புப் பிசுக்கு மட்டும் இருந்தால் நல்ல ஆயில் ஊற்றலாம். மினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் டிங்கரிங் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.