காரும் கணக்கு எழுதுகிறது: வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஒருவர் செவ்ரலே போல்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரால் ஒரு விபத்தும் நடந்ததில்லை. அப்படியிருந்தும் 2022-இல் அவருடைய கார் இன்சூரன்ஸ் பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. வேறு கம்பெனிகளில் விசாரித்தால் அங்கேயும் அதிகம்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தகவல் விற்கும் லெக்சிஸ்நெக்சிஸ் என்ற நிறுவனம் தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். 258 பக்கம்! அவரும் மனைவியும் ஆறு மாதத்தில் போன 640 பயணங்கள் அதில் இருந்தன. எப்போது கிளம்பினார்கள், எவ்வளவு தூரம், எத்தனை முறை சட்டென்று பிரேக் போட்டார்கள் என்று எல்லாம் இருந்தது. எங்கே போனார்கள் என்பது மட்டும் இல்லை.

இதையெல்லாம் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது கார் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ். 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற வசதியின் பெயரில் திரட்டியது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியே கொண்டுவந்ததும், தகவல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கார் இருக்கும் இடத்தை மூன்று நொடிக்கு ஒருமுறைகூடக் குறித்துவைத்தார்கள் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று.

அந்த மனிதர் எங்கே கையெழுத்துப் போட்டார்? பெரும்பாலும் டெலிவரி நாளன்றுதான் இதெல்லாம் நடக்கிறது. நம் ஊரிலும் அதே காட்சிதான். காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம். ஷோரூம் பையன் நம் போனை வாங்கி ஆப் போட்டு, ஓடிபி கேட்டு, வருகிற 'சம்மதம்' பொத்தானையெல்லாம் தட்டிக்கொண்டே போவான். போனை அவன் கையில் கொடுப்பதுதான் முதல் தவறு, என்னைக் கேட்டால் பெரிய தவறும் அதுதான். இப்படிப்பட்ட வசதியில் வாடிக்கையாளரைச் சேர்த்தால் விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை உண்டு என்பது அமெரிக்க விவகாரத்தில் வெளிவந்த செய்தி. ஆப் பதிவை வீட்டுக்குப் போய் நிதானமாகச் செய்துகொள்ளலாம். 'ஓட்டும் முறைக்கு மதிப்பெண்', 'கூட்டாளி நிறுவனங்களுடன் பகிர்தல்' என்று வந்தால் அங்கே நில்லுங்கள்.

பிடிக்கவில்லை என்று பிறகு ஆப்பை போனிலிருந்து நீக்குகிறார்கள். பலனில்லை. காருக்குள்ளேயே தனி சிம் இருக்கிறது. அது உங்கள் போனைக் கேட்டுக்கொண்டு தகவல் அனுப்புவதில்லை. கார் கம்பெனியில் உள்ள உங்கள் கணக்கிலும் காரின் செட்டிங்ஸிலும் சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும். போனைக் காரின் திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ போட்டுவிட்டால் கார் ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைப்பதும் இதே ரகம்.

அடுத்து, நல்ல கம்பெனி, தப்பு செய்யாது என்ற நம்பிக்கை. ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை எல்லா ஓட்டுநருக்கும் உண்டு என்று சொன்னவை ரெனோவும் டாசியாவும் மட்டுமே. இரண்டும் ஐரோப்பிய பிராண்டுகள். அங்கே சட்டம் கடுமை, அதனால்தான். அதே ஐரோப்பாவில், 2024 டிசம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. பல கார்கள் எங்கே நின்றன என்பதுவரை அதில் இருந்தது. விற்கத்தான் வேண்டும் என்றில்லை, சேர்த்து வைத்தாலே ஒழுகும்.

பழைய கார் விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரின் திரையில் முந்தைய உரிமையாளரின் தொடர்புப் பட்டியல் முழுதும் இருந்தது. 'வீடு' என்று தட்டினால் அவர் வீட்டு வாசலுக்கே வழி காட்டியது. விற்கும்போது காரின் திரையில் உள்ளதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதோடு உங்கள் கணக்கிலிருந்து காரையும் நீக்குங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டுப் பலர் நின்றுவிடுகிறார்கள். வாங்குபவருக்கு இன்னும் ஆபத்து: பழைய உரிமையாளரின் ஆப்பில் கார் இருந்தால், அது நிற்குமிடம் அவருக்குத் தெரியும், சில கார்களில் கதவைக்கூடத் திறக்கலாம். வாடகைக் காரில் போனை இணைத்தால் திருப்பிக் கொடுக்குமுன் நீக்கிவிடுங்கள்.

கோபத்தில், தகவல் அனுப்பும் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. வேண்டாம். விபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் வசதியும் சேர்ந்து போய்விடும்.

இந்தியாவில் 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் வந்ததிலிருந்து இணைய வசதியுள்ள கார்கள் பரவலாகிவிட்டன. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. என் கார் என்னென்ன அனுப்புகிறது, யாருக்குப் போகிறது, எப்படி நிறுத்துவது என்று கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 2025-இல் ஹோண்டாவுக்கு 6,32,500 டாலர் அபராதம் விழுந்தது. தகவலை விற்காதே என்று சொல்ல வந்தவர்களிடமே தேவைக்கு மேல் சொந்த விவரம் கேட்டது ஒரு காரணம். நீங்கள் மின்னஞ்சல் எழுதும்போது பதிவு செய்த மொபைல் எண்ணும் சேசிஸ் எண்ணும் கொடுங்கள். ஆதார் நகல் அனுப்பச் சொன்னால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.