பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித் தருவது எப்படி?

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை கதை வகுப்பு தொடங்கிய முதல் நாள், "உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஏழு பேர் தாளின் தலையில் 'முன்னுரை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றுதான் பள்ளியில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் அதே ஏழு பேரும் இடைவேளையில் மொட்டைமாடிக் குரங்கைப் பற்றி மூச்சுவிடாமல் கதை சொன்னார்கள். வாய்க்கு வருகிற கதை கைக்கு வராமல் நின்றுவிடுகிறது. அதைக் கைக்கு வரவைப்பதுதான் நம் வேலை. வீட்டுக் கூடத்திலோ நூலகத்திலோ புதிதாக வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு, நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரின் கதையையும் கேட்க நேரம் இருக்காது. 8 முதல் 12 வயது வரை ஒரு குழு, 13-க்கு மேல் தனிக் குழு. ஒன்றரை மணி நேரம். கோடு போடாத தாள், பென்சில். ரப்பர் வேண்டாம், கையில் ரப்பர் இருந்தால் எழுதிய முதல் வரியையே அழித்து அழித்து நேரம் போய்விடும். பிடிக்காத வரியைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். பெற்றோர் வெளியே இருக்கட்டும். பிள்ளைகள் எழுதும்போது நீங்களும் அதே பயிற்சியை உட்கார்ந்து எழுதுங்கள். சுற்றி வந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

படி 1: விடுகதையில் தொடங்குங்கள்

தொல்காப்பியம் 'பிசி' என்று சொல்லும் விடுகதை நமக்கு அவ்வளவு பழசு. பிள்ளைகளுக்குப் பயமில்லாத வடிவமும் அதுதான், இரண்டே வரி. ஒரு மஞ்சப்பையில் பூட்டு, கொட்டாங்குச்சி, சீப்பு, டார்ச் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. அது எதைப் போல இருக்கிறது, என்ன செய்கிறது, அவ்வளவுதான்.

பூட்டை எடுத்த ஒரு பையன் எழுதியது: "வீட்டில் ஆள் இருந்தால் சும்மா கிடப்பான். ஆள் போனால் வாசலில் தொங்குவான்." உவமை, உருவகம் என்றெல்லாம் அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அடுத்த கேள்வி: "அந்தப் பூட்டின் சாவி தொலைந்துபோச்சு. யார் தொலைத்தது?" பையன் கதைக்குள் வந்துவிட்டான்.

படி 2: சேராத இரண்டு சொற்களைச் சேருங்கள்

இது இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரி சொல்லிக் கொடுத்த வழி. 1970-ல் சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது பெற்றவர். எழுத வருவதற்கு முன் பள்ளியில் பாடம் எடுத்தவர். கரும்பலகையின் இந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஒரு சொல், அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை வேறொரு சொல்; ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. அவர் காட்டிய உதாரணம் நாயும் அலமாரியும்.

கரும்பலகைக்குப் பதில் இரண்டு துண்டுச் சீட்டு போதும். எங்கள் வகுப்பில் ஒருமுறை வந்தது 'ஆடு', 'லிஃப்ட்'. இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். லிஃப்டுக்குள் ஆடு. ஆட்டின் லிஃப்ட். ஆட்டுக்காக ஒரு லிஃப்ட். ஆட்டால் நின்றுபோன லிஃப்ட். லிஃப்டை மேய்ந்த ஆடு. உருபு மாற மாற வேறு வேறு கதை. 'ஆட்டின் லிஃப்ட்' என்றால் அந்த ஆடு எந்த மாடியில் குடியிருக்கிறது? 'ஆட்டுக்காக' என்றால் கட்டிக் கொடுத்தது யார், ஏன்? பலகையில் ஐந்தையும் எழுதிப் போடுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏழு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஏழு நிமிடத்தில் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. "அக்கா, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கேட்டால் வகுப்பு சரியாகப் போகிறது.

படி 3: முதலில் சொல்லட்டும், அப்புறம் எழுதட்டும்

மற்ற படிகளைச் சுருக்கிக்கொண்டாலும் இதைச் சுருக்காதீர்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு ஒரே ஒரு சொல்தான் அனுமதி: "அப்புறம்?" மூன்று நிமிடம் ஆனதும் மாற்றிக்கொள்ளட்டும். உடனே, சொன்ன வாய் ஈரம் காய்வதற்குள், சொன்னபடியே எழுதட்டும்.

எழுத உட்கார்ந்ததும் பாடப்புத்தகத் தமிழ் வந்து குறுக்கே நிற்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுதியது: "என் பாட்டி மிகவும் அன்பானவர். அவர் எனக்கு உணவு ஊட்டுவார்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். நான் கேள்வி மட்டும் கேட்டேன். என்ன சாப்பாடு? எப்படி உருட்டுவார்? ஊட்டும்போது என்ன சொல்வார்? அவள் மறுபடி எழுதினாள்:

"பாட்டி சோற்றை உருட்டி, நடுவில் கட்டைவிரலால் பள்ளம் பண்ணி அதில் குழம்பு ஊற்றுவாள். 'இது காக்காவுக்கு, இது ஒனக்கு' என்பாள். காக்காவுக்கு என்று சொன்னதையும் எனக்கே ஊட்டிவிடுவாள்."

அந்தக் கட்டைவிரல் பள்ளத்தை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. அது அவளிடம் மட்டும்தான் இருந்தது.

நான் வைத்திருக்கும் விதி எளிது: கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், யாராவது வாய் திறந்து பேசினால் அவர்கள் வீட்டில் பேசுகிறபடியே இருக்கட்டும். நெல்லைப் பிள்ளை "ஏல" என்று எழுதினாலும், கோவைப் பிள்ளை "ஏனுங்க" என்று எழுதினாலும் கை வைக்காதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லி, வீட்டுப் பெரியவர்கள் மட்டும் புழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அந்தச் சொற்களில் ஒன்றாவது கதையில் வந்தாக வேண்டும்.

கூடவே ஒரு தடை: மிகவும், அழகான, அன்பான, மகிழ்ச்சியாக. இந்த நான்கு சொற்களும் ஒரு மாதத்துக்கு வகுப்புக்குள் வரக் கூடாது.

படி 4: சிக்கலும் முடிவும்

கதையில் வரும் ஆளுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ தடுக்க வேண்டும். இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை. முடிவுக்கு மட்டும் இரண்டு விதி: "எல்லாம் கனவு" என்று எழுந்து உட்காரக் கூடாது, "இக்கதையின் நீதி" என்று எழுதக் கூடாது. பழக்கத்தில் நீதி எழுதிவிடுவார்கள். அந்த வரிகளைப் பின்னால் மடித்துவிட்டுக் கதையை வாசிக்கச் சொல்லுங்கள். மடித்தது யாருக்கும் குறையாகத் தெரியாது.

படி 5: பதின்வயதினர்

இவர்களுக்குக் கற்பனை தாராளமாக இருக்கிறது, எழுதியதைச் சத்தமாக வாசிக்கத்தான் கூச்சம். அதனால் 'மடித்த பக்கம்' என்று ஒன்று வைத்திருக்கிறேன். மடித்துக் கொடுத்த பக்கத்தை நான் பிரிக்க மாட்டேன், எழுதினார்களா என்று மட்டும் பார்ப்பேன். இந்தச் சொல்லை ஒருமுறைகூட மீறாதீர்கள். அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தே எழுதும் கடிதம் இவர்களுக்கு நல்ல தொடக்கம்: பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பனுக்கு, பத்து வயதில் இருந்த தனக்கே, காலி செய்து வந்த வாடகை வீட்டுக்கு. ஆங்கிலம் கலந்து எழுதினால் எழுதட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். மடிக்காமல் கொடுத்த பக்கத்தில் சில சமயம் கதை போல இல்லாத ஒன்று இருக்கும்: அடி, பயம், தொடக் கூடாத யாரோ தொட்டது. வகுப்பில் அதைப் பேசாதீர்கள், நடையைப் பாராட்டிவிட்டுக் கடந்தும் போகாதீர்கள். தனியாக, பொறுமையாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் புகார் செய்வது, 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி நம் கடமை.

படி 6: திருத்துவது

தொடக்கத்தில் ஒரு பையனின் கதையில் ல, ள, ழ பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். பதினேழு வட்டம். குளத்துக்கு அடியில் பள்ளிக்கூடம் இருப்பதாக எழுதியிருந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

இப்போது பென்சில்தான். படிக்கும்போது கண்ணில் காட்சி தெரிந்த வரிக்குக் கீழே ஒரு அலைக்கோடு. விளங்காத இடத்தில் ஒரே ஒரு கேள்வி: "குளத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எப்படிக் கேட்கும்?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போனாலே கதை ஒரு பக்கம் வளரும். எழுத்துப்பிழையைப் புத்தகம் போடும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். "அச்சுக்குப் போகிறது, சரிபார்ப்போம்" என்றால் அகராதியை அவர்களே எடுப்பார்கள்.

படி 7: புத்தகம்

ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல். தாளை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் பாதியாக, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது அகலவாக்கில் பாதியாக மட்டும் மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்டம் அளவுக்கு வெட்டுங்கள். தாளைப் பிரித்து நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடு வெட்டு விரிந்து கூட்டல் குறி போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம்: முன் அட்டை, பின் அட்டை, நடுவில் ஆறு பக்கக் கதை.

முன் அட்டையில் எழுதியவர் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். நூலகரிடம் கேட்டு அலமாரியில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, புத்தகங்களை அங்கே நிறுத்தி வையுங்கள். எடுத்துப் படிப்பவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பின் அட்டையில் விலை போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடட்டும்.