ஜெர்மனி புளூ கார்டு: பற்றாக்குறை வேலைகளின் சம்பள வரம்பில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

இந்த ஆண்டு தொடக்கத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தம்பி தன் ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்பியிருந்தார். மெக்கானிக்கல் இன்ஜினியர். ஜெர்மனியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை, மாதம் 3,800 யூரோ. "பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிற வேலைதானே அண்ணா, புளூ கார்டு கிடைத்துவிடும் இல்லையா?" என்று கேட்டார். புளூ கார்டு என்பது பட்டம் பெற்ற வெளிநாட்டவர்களுக்கு ஜெர்மனி கொடுக்கும் வேலை, வசிப்பு அனுமதி. அதற்குக் குறிப்பிட்ட அளவு சம்பளமாவது இருக்க வேண்டும், ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்கள் என்று பட்டியலிட்டவற்றுக்கு மட்டும் அந்த வரம்பு கொஞ்சம் குறைவு. அவர் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினேன். 45,600 வந்தது. 2026இல் அந்த வேலைக்குத் தேவையான ஆண்டுச் சம்பளம் 45,934 யூரோ 20 சென்ட். 334 யூரோ இடித்தது.

நிறுவனத்திடம் பேசச் சொன்னேன். மாதம் 30 யூரோ கூட்டிக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 45,960 ஆனது, வரம்பைத் தாண்டிவிட்டது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பார்த்ததால் ஒரு மின்னஞ்சலில் முடிந்த வேலை இது. போட்ட பிறகு தெரிந்திருந்தால் நிராகரிப்பு, மறுபடி அப்பாயின்ட்மென்ட், மறுபடி காத்திருப்பு என்று இழுத்திருக்கும். இந்த வரம்பில் "கிட்டத்தட்ட" என்பதற்கு இடமே இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எந்த ஆண்டின் எண் அது?

புளூ கார்டு சம்பள வரம்பு நிலையான எண் இல்லை. ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தாவைக் கணக்கிட ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். அதில் 50 சதவீதம் பொதுவான வேலைகளுக்கான வரம்பு. 45.3 சதவீதம் பற்றாக்குறை வேலைகளுக்கான வரம்பு. 2026இல் அந்த உச்சவரம்பு 1,01,400 யூரோ. அதனால் பொது வரம்பு 50,700, பற்றாக்குறை வரம்பு 45,934.20. 2025இல் இவை 48,300, 43,759.80 ஆக இருந்தன. 2024இல் 45,300, 41,041.80. மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஏறியிருக்கிறது பாருங்கள்.

பழைய வீடியோக்களில் 58,400 என்று ஓர் எண் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2023 நவம்பர் 18ஆம் தேதி சட்டம் மாறுவதற்கு முன்பிருந்த பொது வரம்பு. அதைப் பார்த்து பயந்து நல்ல வேலையை விட்டவர்களும் உண்டு. 2024ஆம் ஆண்டின் 41,041ஐ நம்பிக் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் போடுபவர்கள். நவம்பரில் 44,000 யூரோவுக்குக் கையெழுத்து, ஜனவரியில் விண்ணப்பம் என்றால், 2025இல் சரியாக இருந்த சம்பளம் 2026இல் போதாது. அடுத்த ஆண்டின் உச்சவரம்பு இலையுதிர் காலத்திலேயே தெரியவந்துவிடும். அதை 0.453ஆல் பெருக்கிப் பார்த்து, அதற்கும் மேலே ஓர் ஆயிரம் யூரோவாவது வைத்துப் பேசுங்கள். கார்டைப் புதுப்பிக்கும்போதும் அந்த ஆண்டின் வரம்பைத்தான் பார்ப்பார்கள் என்பதால், சம்பள உயர்வு இல்லாத ஒப்பந்தம் பின்னால் சிக்கல் கொடுக்கும்.

சிடிசி பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்

நம் ஊர் கம்பெனிகளில் சிடிசி என்று ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். அதில் பிஎஃப்பில் கம்பெனியின் பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருமா வராதா என்று தெரியாத போனஸ் எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கண்ணோடு ஜெர்மன் ஒப்பந்தத்தைப் படித்தால் கணக்கு தப்பும்.

வரம்புக்கு எடுத்துக்கொள்வது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை. அதாவது ஒப்பந்தத்தில் 'புரூட்டோ' என்று எழுதியிருக்கும் தொகை. சமூகக் காப்பீட்டுக்கு நிறுவனம் தன் பங்காகக் கட்டுவது இதற்கு வெளியே இருப்பது, அதைச் சேர்க்க முடியாது. நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்தோ உங்கள் டார்கெட்டைப் பொறுத்தோ மாறும் போனஸையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வந்து சேர ஒருமுறை கொடுக்கும் இடமாற்றப் பணம், விமான டிக்கெட், முதல் மாத ஹோட்டல் செலவு இவையும் சம்பளம் இல்லை. பதிமூன்றாவது மாதச் சம்பளம் உண்டென்றால், அது உறுதியாகக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். "வழக்கமாகக் கொடுப்போம்" என்று ஹெச்ஆர் வாய்வார்த்தையாகச் சொன்னது விசா அதிகாரியின் மேசையில் செல்லாது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. வரம்பு கைக்கு வரும் சம்பளத்துக்கு என்று நினைத்து வீணாகக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 45,934 யூரோ வாங்கும் திருமணமாகாத ஒருவருக்கு வரியும் காப்பீடும் போக மாதம் ஏறக்குறைய 2,500 யூரோ கைக்கு வரும். அது வரம்புக்குத் தொடர்பில்லாத எண். ஆனால் மியூனிக்கில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த அது போதுமா என்பதை நீங்கள் தனியாக உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

குறைந்த வரம்பில் வந்தால் இன்னொரு சோதனையும் உண்டு

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பொது வரம்பான 50,700 யூரோவைத் தொட்டுவிட்டால், ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையின் சம்மதம் இல்லாமலே புளூ கார்டு கொடுக்கலாம் என்கிறது சட்டம். பற்றாக்குறை வரம்பில் வந்தால் அந்த முகமையின் சம்மதம் கட்டாயம். அவர்கள் அந்த வேலையையும், அந்தச் சம்பளம் அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் வாங்குவதற்குக் குறைவாக இருக்கிறதா என்பதையும் சோதிப்பார்கள். ஆக, 45,934 என்பது உள்ளே நுழைவதற்கான குறைந்தபட்ச எண் மட்டுமே. எட்டு வருட அனுபவம் உள்ள சாஃப்ட்வேர் இன்ஜினியரை 46,000 யூரோவுக்கு மியூனிக்கில் எடுக்கிறேன் என்றால், வரம்பைத் தாண்டியும் "இந்த ஊரில் இந்த வேலைக்கு இது குறைவு" என்று மறுக்க முடியும்.

இந்த முகமையே 'என்ட்கெல்ட்அட்லஸ்' என்ற இணையப் பக்கம் வைத்திருக்கிறது. வேலையின் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு என்று காட்டும். ஆஃபர் வந்த அன்றே அதைப் பாருங்கள். உங்கள் சம்பளம் 48,000, 49,000 என்று நிற்கிறதா? 50,700க்கு ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்துக்கும் அது லாபம், ஒரு சோதனையும் அதற்கான காத்திருப்பும் மிச்சமாகும். கேட்கக் கூச்சப்பட்டு நம் பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஐடி என்றால் பட்டியலில் உண்டு என்ற நம்பிக்கை

பட்டியலை முடிவு செய்வது உங்கள் பதவியின் பெயர் இல்லை. பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டின் குறியீட்டு எண்தான். விஞ்ஞானிகள், இன்ஜினியர்கள், கட்டடக் கலைஞர்கள் 21இல் வருகிறார்கள். ஐடி வல்லுநர்கள் 25. ஆசிரியர்கள் 23. மருத்துவர், பட்டம் பெற்ற செவிலியர், கால்நடை மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர் போன்றவர்களுக்கு 22க்குள் தனித்தனிப் பிரிவுகள். உற்பத்தி, கட்டுமானம், ஐடி சேவை, மருத்துவ சேவை மேலாளர்கள் 13க்குள் சில பிரிவுகளில் இருக்கிறார்கள்.

ஹெல்ப்டெஸ்க், யூசர் சப்போர்ட் வேலைகள் 35ஆம் பிரிவு. அது பட்டியலில் இல்லை. சாஃப்ட்வேர் விற்கும் சேல்ஸ் வேலை ஐடி கம்பெனியில் இருந்தாலும் 24ஆம் பிரிவு, அதுவும் இல்லை. அக்கவுன்டன்ட், மார்க்கெட்டிங் எல்லாம் அந்த 24தான். இவர்களுக்குப் பொது வரம்பு. ஒரே ஒரு விலக்கு: பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால், வேலை எதுவாக இருந்தாலும் குறைந்த வரம்பு பொருந்தும். இந்தச் சலுகை தெரியாமல் இருக்கிற புதுப் பட்டதாரிகள் நிறைய.

நிறுவனம் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் என்னென்ன வேலை செய்வீர்கள் என்ற பகுதி இருக்கும். அதை எப்படியோ நிரப்பி அனுப்பவிடாதீர்கள். கோட் எழுதும் ஒருவருக்கு "ஐடி சப்போர்ட்" என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டால், அதை வைத்தே வகைப்படுத்துவார்கள்.

பட்டம் இல்லாத ஐடி ஆட்களுக்கும் வழி உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு, பட்டதாரி மட்டத்திலான வேலை அனுபவம் காட்ட வேண்டும். சம்பளம் அதே 45.3 சதவீதம், முகமையின் சம்மதமும் வேண்டும். அனுபவச் சான்றிதழில் தேதியோடு வேலை விவரமும் இருக்க வேண்டும். "இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்" என்ற ஒரு வரிச் சான்றிதழ் உதவாது.

செவிலியர் அக்காக்களுக்கு

டிப்ளமோ முடித்த செவிலியர்களிடம் சில ஏஜென்ட்கள் புளூ கார்டு வரம்பைக் காட்டிப் பேசுகிறார்கள். மேலே சொன்ன ஐடி விலக்கைத் தவிர, புளூ கார்டு பட்டப்படிப்புக்கானது. டிப்ளமோ செவிலியர்கள் வருவது திறன்பெற்ற பணியாளர் அனுமதியில். அதற்கு 45.3 சதவீத வரம்பு இல்லை, ஆனால் செவிலியர் பணிக்கான ஜெர்மன் அங்கீகாரம் கட்டாயம். வயது 45ஐத் தாண்டி முதல்முறை போகிறவர்களுக்கு மட்டும் வேறொரு கணக்கு இருக்கிறது: உச்சவரம்பில் 55 சதவீதம், அதாவது 2026இல் 55,770 யூரோ சம்பளம், அல்லது முதுமைக்குப் போதுமான ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதற்கான சான்று. 46 வயதில் வீட்டை அடமானம் வைத்து மொழி வகுப்பில் சேரும் முன் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

காகிதத்தில் ஒன்று, கையில் ஒன்று

"ஒப்பந்தத்தில் வரம்புத் தொகையைப் போட்டுவிடுகிறோம், மாதம் 600 யூரோ ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உறவினர், ஊர்க்காரர் என்று பார்க்க வேண்டாம். இல்லாத சம்பளத்துக்கு வரி கட்டுவதும், பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தில் மாட்டுவதும் நீங்கள்தான். கார்டும் போகும்.

வேலை நேரத்தைக் குறைத்து அதனால் சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கினாலும் பிரச்சினைதான். குழந்தைக்காகப் பகுதிநேரம் கேட்கும் முன் புதிய சம்பளத்தைப் பெருக்கிப் பாருங்கள். முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் வரை மாற்றத்தை நிறுத்தி வைத்துச் சோதிக்கலாம், புதிய வேலை நிபந்தனைக்கு ஒத்துவராவிட்டால் மறுக்கவும் செய்யலாம். அதனால் புதிய ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். முதலில் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அந்த 30 நாள் கழியட்டும், அப்புறம் ராஜினாமா கடிதம் கொடுங்கள்.