டர்பனில் வண்டியை நிறுத்தினால்: அவர்களும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து கோயில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மாலை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. பின்பக்கம் திறந்த சின்ன வண்டியை இங்கே பக்கி என்பார்கள். விடியும் முன்பே அதை எடுத்தாக வேண்டும். ஹிகின்சன் ஹைவேயில் ரோட்பிளாக் (போலீஸ் சாலைத் தடுப்புச் சோதனை) போட்டிருந்தால் என்னைச் சும்மா விடுவது அபூர்வம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குருக்கள்மார், நாதஸ்வரக்காரர்கள், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "போலீஸ் கை காட்டினால் என்ன செய்யணும் அக்கா?"

முதலில் நிறுத்துங்கள். சீருடை போட்ட அதிகாரி கை காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. அதற்கு நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே "நான் என்ன செய்தேன்?" என்று ஆரம்பத்திலேயே குரலை உயர்த்தாதீர்கள். ஜன்னலை இறக்குங்கள், கை இரண்டும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும், வணக்கம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பம் வேறு மாதிரி. இருட்டில், ஆளில்லாத இடத்தில், பெயர் எழுதாத காரில் நீல விளக்கு சுழன்றால் சந்தேகப்படலாம். நீல விளக்கு வைத்துக் கொள்ளையடிப்பவர்கள் இந்த நாட்டில் உண்டு. ஹசார்டு விளக்கைப் போட்டு, கையை வெளியே நீட்டி, பின்னால் வரச்சொல்லிச் சைகை காட்டிவிட்டு, பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் கராஜுக்கோ மெதுவாக ஓட்டிப் போங்கள். வேகமெடுத்தால் தப்பி ஓடுவதாகத்தான் நினைப்பார்கள்.

நிறுத்தியபின் பெயர், முகவரி, லைசென்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் வண்டியிலேயே இருக்க வேண்டும். "வீட்டில் இருக்கிறது" என்பது இங்கே செல்லாது. கண்ணாடியில் ஒட்டிய டிஸ்க் (வண்டியின் லைசென்ஸ் வில்லை) காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி தொந்தரவு அதிலிருந்துதான் தொடங்குகிறது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டலாம். அதில் ஆங்கிலமும் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். கூடவே பாஸ்போர்ட், விசா இரண்டின் சான்றளித்த நகலும் வண்டியில் இருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டவரா, என்ன விசா என்று கேட்கக் குடியேற்றச் சட்டம் போலீசுக்கு இடம் தருகிறது.

இனி உங்கள் முறை. நிறுத்தியவர் யார்? தேசியப் போலீசா, டர்பன் மாநகராட்சியின் மெட்ரோ போலீசா, மாகாணத்தின் ஆர்டிஐ (சாலைப் போக்குவரத்து ஆய்வுத்துறை) அதிகாரியா? நியமனச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டால் காட்ட வேண்டும். பெயரையும் வண்டி எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் மாலை பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதுவேன். பேனாவை எடுத்ததுமே பலருடைய பேச்சில் மரியாதை கூடிவிடும்.

சோதனை விஷயத்தைத்தான் நம் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். போக்குவரத்து அதிகாரி டயரை, பிரேக்கை, விளக்கைப் பார்க்கலாம். வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. உங்கள் பையையும் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பது வேறு சங்கதி. வாரண்ட் இல்லாமல் போலீஸ் சோதிக்க 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது. நீங்கள் சம்மதிக்க வேண்டும்; இல்லையென்றால், கேட்டால் வாரண்ட் கிடைத்திருக்கும், ஆனால் அதற்குள் பொருள் கைநழுவிவிடும் என்று நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். "டிக்கியைத் திறக்கலாமா?" என்று கேட்டால், அது பெரும்பாலும் சம்மதம் கேட்கும் கேள்வி. "என்ன காரணம் சார்?" என்று நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் "எனக்குச் சம்மதம் இல்லை" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் திறந்தால் குறுக்கே நிற்காதீர்கள், தடுப்பது தனிக் குற்றம். சம்மதிக்கவில்லை என்று சொன்னது பின்னால் நீதிமன்றத்தில் பேசும்.

முறையான ரோட்பிளாக்கில் கதை கொஞ்சம் மாறும். 1995-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின் 13(8) பிரிவின்படி தேசிய அல்லது மாகாண ஆணையர் எழுத்தில் அனுமதி தந்தால் அங்கே வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம். தேதி, இடம், சுமார் எவ்வளவு நேரம், எதற்காக என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். நகலைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அவசரம் என்றால் அந்தத் தாள் இல்லாமலும் ரோட்பிளாக் போட அதே பிரிவு இடம் தருவதால், "தாள் இல்லையே" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம்.

ஒரு தைப்பூசக் காலையில் என் வண்டியிலிருந்த விபூதிப் பொட்டலங்களை ஒரு இளம் அதிகாரி வெகு நேரம் முகர்ந்து பார்த்தார். வெள்ளைப் பொடி, பிளாஸ்டிக் பை, அதிகாலை நேரம். அவர் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் பூசிக் காட்டினேன். அதன் பிறகு கோயில் சீட்டையும் சாமான்களோடு வைத்துக்கொள்கிறேன், நீங்களும் அப்படிச் செய்யலாம்.

பெண்களுக்கு ஒன்று. உடலைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக. பெண் அதிகாரி வரும்வரை காத்திருப்பேன் என்று சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் போன்: அதைத் திறந்து காட்டு என்றால் காட்டத் தேவையில்லை, வாரண்ட் கேளுங்கள்.

மது விஷயத்தில் மட்டும் வாதம் வேண்டாம். மூச்சோ ரத்தமோ கொடுக்க மறுப்பதே குற்றம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம் என்பது வரம்பு, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம்.

அபராதச் சீட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சீட்டிலுள்ள தேதிக்குள் கட்டலாம், அல்லது சீட்டில் சொல்லியபடி முறையீடு எழுதலாம். "கூல்டிரிங்க் வாங்கித் தாங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. அது என்ன கூல்டிரிங்க் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 2004-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். "சீட்டு எழுதிடுங்க சார்" என்பது போதும். பழைய அபராதம் பாக்கி என்பதற்காக மட்டும் கைது செய்ய முடியாது; நீதிமன்றத்தின் பிடியாணை வேண்டும், அதன் நகலையும் கேட்கலாம்.

கைது என்றே ஆகிவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பெயர், முகவரிக்கு மேல் எதுவும் பேசாமல் இருக்க அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, வக்கீலுக்கும்தான். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பிடித்தால் அது திங்கட்கிழமைதான். சிறு குற்றமென்றால் காவல் நிலையத்திலேயே ஜாமீன் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் லீகல் எய்டை 0800 110 110-இல் கூப்பிடலாம்.

அடித்தாலோ லஞ்சம் கேட்டாலோ, தேசியப் போலீஸ், மெட்ரோ போலீஸ் இருவர் மேலும் ஐபிஐடி என்ற தனி விசாரணை அமைப்பில் புகார் கொடுக்கலாம். ஆர்டிஐ அதிகாரி என்றால் மாகாணப் போக்குவரத்துத் துறையிடம் போக வேண்டும். எங்கே போனாலும் பெயர், நேரம், இடம், வண்டி எண் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.